பறவையும் பாஷையும்

ஏறக்குறைய 1836-ஆம் வருஷத்தில், நியூஜிலாந்து தேசத்தின் வடபாகத்தில் வில்லியம் கொலென்ஸோ என்ற பாதிரியார் சுற்றுப்பிரயாணம் செய்து கொண்டிருந்தார். அத்தேசத்தின் பூர்வ குடிகளான மாவோரி ஜனங்களின் கிராமம் ஒன்றில் உருளைக்கிழங்கு வெந்து கொண்டிருந்தது. கிழங்கைக் காட்டிலும் அது வெந்து கொண்டிருந்த பாத்திரம்தான் பாதிரியாரின் கவனத்தை இழுத்தது. உற்றுப் பார்த்தால், அது விளிம்பு உடைந்துபோன ஒரு வெண்கல மணியின் மேற்பாகம்! அதைச் சுற்றிலும் அவருக்குப் புரியாத எழுத்துக்கள் இருந்தன. பாதிரியார் ஓர் இரும்புச் சட்டியைக் கொடுத்துவிட்டு மணியை வாங்கிக் கொண்டார்.

அந்த எழுத்துக்கள் நம்முடைய தமிழ் எழுத்துக்கள். முகைய்யதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்று அதில் பொறித்திருக்கிறது. இன்று அது வெல்லிங்டன் நகரத்துக் காட்சிச்சாலையில் இருக்கிறது. தமிழ் எழுத்துத் தாங்கிய மணி தென்சமுத்திரத்தின் கோடிக்கு எவ்வாறு போய்ச் சேர்ந்தது என்பது இந்நாள் வரையில் தீராத புதிர்.

மணியின் கதையைப் பலர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது கிடைத்த விதத்தைப் பற்றிக் கிராமத்தார் பாதிரியாரிடம் சொன்ன ஒரு விவரத்தை யாரும் அதிகமாகப் பொருட்படுத்துவதில்லை. புயற்காற்றில் ஒரு பெரிய மரம் வேரோடு சாய்ந்ததாம். அதன் வேருக்கடியில் மணி கிடைத்ததாம். நாம் இங்கே சொல்லப் போவது அந்த மரத்தைப் பற்றிய கதை. அது நின்ற காடு என்ன ஆயிற்று? அக்காட்டின் நிழலில் விளையாடிய குழந்தைகள் என்ன ஆனார்கள்? கேள்வி இரண்டானாலும் கதை ஒன்றுதான்.

பட்சிகளின் ராஜ்யம்

மனிதன் காலடி வைப்பதற்கு முன்னால் நியூஜிலாந்தில் பாலூட்டி வளர்க்கும் தரைப் பிராணி ஒன்றுகூட இல்லை. வௌவால்கள் மட்டும் இருந்தன. நரியும் இல்லை, பூனையும் இல்லை. ஆகையால் தேசம் முழுவதும் பட்சிகளின் ராஜ்யமாக இருந்தது. விரோதி இல்லாத இடத்தில் பறந்து ஓட வேண்டிய அவசியம் என்ன? பல பறவைகள் பறப்பதையே மறந்து தரையில் நடந்து திரிந்தன, தரையிலேயே முட்டையிட்டன.

பசிபிக் தீவுகளிலிருந்து படகேறி மாவோரிகள் அங்கே வந்தது சுமார் பதின்மூன்றாம் நூற்றாண்டில். உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். அவர்களும் ஆரம்பத்தில் காடுகளுக்குத் தீ வைத்தார்கள். மனிதனைவிட உயரமான மோவா என்னும் பறவையை வேட்டையாடியே பூண்டற்றுப் போகச் செய்தார்கள். ஆனால் அந்த நஷ்டத்துக்குப் பிறகு, தலைமுறை தலைமுறையாக, அந்த மண்ணோடு வாழும் வித்தையை அவர்கள் கற்றுக் கொண்டார்கள். ஒரு நீர்நிலையில் மீன் குறைந்தால் 'ராஹுயி' என்று தடை விதிப்பார்கள். தடை நீங்கும் வரையில் அங்கே எவரும் கை வைக்கக் கூடாது. மாதத்தின் ஒவ்வோர் இரவுக்கும் நிலவைக் கொண்டு தனித் தனிப் பெயர் உண்டு. எந்த இரவுக்குப் பின் கிழங்கு நடலாம், எந்த இரவில் விலாங்கு பிடிக்கலாம் என்பதெல்லாம் அந்தப் பெயர்களிலேயே அடங்கியிருந்தன.

இந்த வித்தைக்குப் புஸ்தகம் கிடையாது. பாஷைதான் புஸ்தகம். மாவோரி பாஷையில் 'ஃபெனுவா' என்றால் நிலம். அதே சொல்லுக்குத் தாயின் வயிற்றிலிருந்து குழந்தையோடு வெளிவரும் நஞ்சு என்றும் பொருள். குழந்தை பிறந்ததும் அந்த நஞ்சைத் தங்கள் குலத்தின் நிலத்திலே புதைப்பது அவர்களுடைய வழக்கம். 'ஈவி' என்றால் குலம். எலும்பு என்றும் பொருள். 'ஹப்பூ' என்றால் குலத்தின் கிளை. கர்ப்பம் தரித்த நிலைக்கும் அதுவே பெயர். இப்படிப்பட்ட பாஷையைப் பேசி வளரும் குழந்தைக்கு, நிலம் வேறு தான் வேறு என்ற எண்ணம் எளிதில் தோன்றுமா?

ஒப்பந்தமும் கோடாரியும்

1840-ஆம் வருஷம் பிப்ரவரி 6-ந் தேதி, வைட்டாங்கி என்னும் இடத்தில் பிரிட்டிஷ் ராஜாங்கத்துக்கும் மாவோரித் தலைவர்களுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஒப்பந்தம் இரண்டு பாஷைகளில் எழுதப்பட்டது. இரண்டும் ஒன்றையே சொல்லவில்லை. இங்கிலீஷ்ப் பிரதியில் மாவோரிகள் தங்கள் ராஜ்யாதிகாரம் முழுவதையும் மகாராணிக்குக் கொடுத்து விட்டார்கள். மாவோரிப் பிரதியிலோ, நிர்வாகம் செய்யும் உரிமையை மட்டும் கொடுத்து, தங்கள் நிலத்துக்கும் ஊருக்கும் தலைமையைத் தாங்களே வைத்துக் கொண்டார்கள். பெரும்பாலோர் கையெழுத்திட்டது மாவோரிப் பிரதியில். அமலுக்கு வந்தது எந்தப் பிரதி என்பதை நம் தேசத்து வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை!

குடியேறிய வெள்ளையரின் தொகை 1858-ஆம் வருஷத்திலேயே மாவோரிகளின் தொகையை மிஞ்சிவிட்டது. பிறகு யுத்தங்கள். யுத்தத்தின் முடிவில் 30 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் பறிமுதல் ஆயிற்று. துப்பாக்கி செய்யாததை 1865-ஆம் வருஷத்தில் ஏற்பட்ட நிலக் கோர்ட்டு செய்து முடித்தது. குலத்துக்குப் பொதுவாக இருந்த நிலத்தைத் தனித் தனி நபர்களின் சொத்தாகப் பிரித்துவிட்டால், கடனுக்கும் செலவுக்கும் ஒவ்வொருவராக விற்றுவிடுவார்கள் அல்லவா? 1860-இல் வடதீவில் நூற்றுக்கு 80 பங்கு நிலம் மாவோரிகளிடம் இருந்தது. 1939-இல் மிஞ்சியது நூற்றுக்கு 9 பங்கு.

நிலம் கைமாறியதும் கோடாரியும் தீயும் உள்ளே நுழைந்தன. வடபாகத்துக் காடுகளில் கௌரி என்று ஒரு மரம் உண்டு. நம் வீட்டுப் பெண்ணின் பெயர் போல ஒலிக்கும் அந்த மரம், ஆயிரம் வருஷத்துக்கு மேல் நிற்கக் கூடியது. அந்தக் காடுகளில் மிகச் சிறிய பகுதி தவிர மற்றெல்லாம் கப்பலின் பாய்மரமாகவும் பலகையாகவும் போயின. மலைச்சரிவுகளில் மரத்தை வெட்டுவதற்குக்கூடப் பொறுமையில்லாமல் கொளுத்தினார்கள். சாம்பலில் இங்கிலாந்துப் புல்லை விதைத்து ஆடு மேய்த்தார்கள். 1882-இல் பனிக்கட்டி போல் உறைந்த ஆட்டிறைச்சியை ஏற்றிக் கொண்டு முதற் கப்பல் இங்கிலாந்துக்குப் புறப்பட்டது. அதன் பிறகு ஒவ்வொரு குன்றும் லண்டன் நகரத்தின் சாப்பாட்டு மேஜைக்காகவே விளைய வேண்டியதாயிற்று. சதுப்பு நிலங்களில் நூற்றுக்கு 90 பங்கு வற்றவைக்கப்பட்டன.

குடியேறியவர்களுக்குத் தாய்நாட்டு ஏக்கம் அதிகம். தேசத்தை இன்னோர் இங்கிலாந்தாகவே மாற்றிவிட விரும்பினார்கள். அதற்கென்றே 1860-களில் சங்கங்கள் ஸ்தாபித்து, குருவி, மான், முயல் எல்லாவற்றையும் கப்பலில் வரவழைத்தார்கள். முயல் பெருகிற்று, ஆட்டுக்கு வேண்டிய புல்லைத் தின்று தீர்த்தது. முயலைக் கொல்ல 1880-களில் மரநாய் ஜாதிப் பிராணிகளைக் கொண்டு வந்தார்கள். பட்சி சாஸ்திரம் அறிந்தவர்கள் வேண்டாம் என்று எச்சரித்ததை எவரும் கேட்கவில்லை. தரையில் கூடு கட்டும் பறவைகள் இருக்கும்போது, ஓடும் முயலைத் துரத்துவானேன்? அந்தப் பிராணிகள் பறவைகளைத் தின்னத் தொடங்கின. கௌபீன சம்ரட்சணார்த்தம் பூனை வளர்த்து, பூனைக்காகப் பசு வளர்த்து, பசுவுக்காகச் சம்சாரியான சந்நியாசியின் கதையை நம் பாட்டிமார் சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சந்நியாசியாவது தன் வீட்டைத்தான் கெடுத்துக் கொண்டான்!

ஹூயா என்று ஒரு பறவை. கறுப்பு வால் இறகின் நுனியில் வெள்ளைப் பட்டை. மாவோரித் தலைவர்கள் அதைச் சிரசில் அணிவார்கள். 1892-இலேயே அதைக் கொல்லக் கூடாது என்று சர்க்கார் தடை செய்தது. ஆனால் 1901-இல், பிற்பாடு ஐந்தாம் ஜார்ஜ் மன்னராகப் பட்டமேறிய இளவரசர் அங்கே விஜயம் செய்தபோது, அவருடைய தொப்பியில் ஒரு ஹூயா இறகு ஏறிற்று. உடனே நாகரிகச் சீமான்களுக்கும் சீமாட்டிகளுக்கும் அந்த இறகு வேண்டியிருந்தது. காடு ஒருபுறம் எரிய, வேட்டை ஒருபுறம் நடக்க, 1907-ஆம் வருஷம் டிசம்பருக்குப் பிறகு ஹூயாவைப் பார்த்ததாக நிச்சயமான தகவல் கிடையாது.

பரிஹாக்காவின் குழந்தைகள்

இவ்வளவு நடந்தபோது மாவோரிகள் சும்மா இருந்தார்களா? வடதீவின் மேற்குப் புறத்தில் பரிஹாக்கா என்னும் கிராமத்தில் தே விட்டி, தோஹு என்று இரு பெரியவர்கள் இருந்தார்கள். ஆயுதம் எடுக்கக் கூடாது என்பது அவர்களுடைய விரதம். 1879-இல் சர்க்கார் தங்கள் நிலத்தை அளக்க வந்தபோது, ஆட்களை ஏர் கொடுத்து அனுப்பினார்கள். குடியேறியவர்கள் வசமான நிலத்தில் அவர்கள் அமைதியாக உழுதார்கள். போலீஸார் பிடித்துக் கொண்டு போனால் மறுநாள் வேறு பேர் வந்து உழுதார்கள்.

1881-ஆம் வருஷம் நவம்பர் 5-ந் தேதி சுமார் 1,600 பேர் கொண்ட படை கிராமத்துக்குள் நுழைந்தது. வாசலில் அதை எதிர்கொண்டவர்கள் யார் தெரியுமா? குழந்தைகள்! பாட்டுப் பாடிக் கொண்டும் விளையாடிக் கொண்டும் அவர்கள் வழியில் நின்றார்கள். சிப்பாய்களுக்கு ரொட்டி கொடுத்து உபசரித்தார்கள். உள்ளே 2,000 பேருக்கு மேல் தரையில் மௌனமாக உட்கார்ந்திருந்தார்கள். தலைவர்களைக் கைது செய்து, விசாரணையின்றித் தென்தீவில் காவலில் வைத்தார்கள். வீடுகள் இடிக்கப்பட்டன, பயிர்கள் அழிக்கப்பட்டன. தண்டியில் உப்பெடுப்பதற்கு 49 வருஷங்களுக்கு முன்னால், உலகின் மறுகோடியில் நடந்த சத்தியாக்கிரகம் இது. இதற்காக நியூஜிலாந்து சர்க்கார் பரிஹாக்காவுக்கு வந்து முறைப்படி மன்னிப்புக் கேட்டுக் கொண்டது 2017-ஆம் வருஷத்தில்.

அந்தக் குழந்தைகளை நினைவில் வைத்துக் கொண்டு பள்ளிக்கூடத்துக்குள் பிரவேசிப்போம்.

பள்ளிக்கூடம் செய்த வேலை

யுத்தம் ஓயாத காலத்தில், 1867-ஆம் வருஷத்தில், மாவோரிக் கிராமங்களில் பள்ளிக்கூடம் ஏற்படுத்தச் சட்டம் பிறந்தது. பள்ளிக்கூடத்துக்கு நிலத்தைக் கிராமத்தாரே தானமாகத் தந்தார்கள். போதனை இங்கிலீஷில் இருக்க வேண்டும் என்பது சர்க்காரின் நிபந்தனை. இதிலும் நாம் நியாயம் தவறக் கூடாது. குழந்தைகள் இங்கிலீஷ் கற்க வேண்டும் என்று மாவோரிப் பெரியவர்களே விண்ணப்பம் செய்து கொண்டதுண்டு. ஒப்பந்தத்தில் ஏமாந்தவர்களுக்கு, எதிரியின் பாஷையைப் படித்தாக வேண்டும் என்ற எண்ணம் வருவது இயற்கைதானே? தாய்ப் பாஷைதான் வீட்டில் இருக்கிறதே, அது எங்கே போய்விடப் போகிறது என்று அவர்கள் நினைத்தார்கள்.

அது போகத்தான் போயிற்று. மாவோரி பேசுகிற பிள்ளையை அடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் பள்ளிக்கூட எல்லைக்குள் தாய்ப் பாஷையில் ஒரு வார்த்தை பேசியதற்காகப் பிரம்படியும் வாரடியும் வாங்கியவர்கள், தலை நரைத்த பிறகு கண்ணீருடன் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். வகுப்பில் படித்ததோ ஓக் மரத்தையும், இங்கிலாந்துக் குருவியையும், டிசம்பர் மாதத்துப் பனிமழையையும் பற்றி. நியூஜிலாந்தில் டிசம்பர் மாதம் கோடைக்காலம்! ஜன்னலுக்கு வெளியே நின்ற மரத்துக்குப் பாடப்புஸ்தகத்தில் பெயரில்லை. அதற்குப் பெயர் இருந்த பாஷைக்கோ வகுப்பில் இடமில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. தே ஔட்டே என்ற மாவோரிக் கலாசாலையில் லத்தீனும் உயர்ந்த கணிதமும் கற்றுப் பலர் சர்வகலாசாலைக்குப் போனார்கள். நியூஜிலாந்தில் பட்டம் பெற்ற முதல் மாவோரியான அபிரானா ங்காட்டா அங்கே படித்தவர். இதைக் கண்ட அதிகாரிகள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாவோரிப் பையன்களுக்கு லத்தீன் எதற்கு, விவசாயம் சொல்லிக் கொடுங்கள் என்று கலாசாலையை வற்புறுத்தினார்கள். நிலத்தை எடுத்துக் கொண்டபின் உழவைக் கற்றுக் கொடுக்கும் தயாளம் வேறெங்கே கிடைக்கும்!

1907-ஆம் வருஷத்தில் இன்னொரு சட்டம் வந்தது. மூலிகையும் மந்திரமும் பழைய கல்வியும் அறிந்த 'தோஹுங்கா' என்ற பண்டிதர்களின் தொழிலை அது தடை செய்தது. போலி வைத்தியர்களைத் தடுப்பது நோக்கம் என்றார்கள்; மாவோரித் தலைவர்களிலேயே சிலர் அதை ஆதரித்தார்கள். ஆனால் போலியோடு மெய்யும் ஒளிய நேர்ந்தது. அந்தச் சட்டம் 1962 வரையில் நீடித்தது. ஹூயா கடைசியாகக் காணப்பட்டதும் 1907-ஆம் வருஷம்தான் என்பது தற்செயலாக நேர்ந்த பொருத்தம். ஆயினும் ஒரே வருஷத்தில் ஒரு பறவை மறைந்தது. பறவைகளை அறிந்தவர்களின் வாயும் மூடப்பட்டது.

இரண்டு சரிவுகள்

கணக்கைப் பாருங்கள். 1913-இல் பள்ளிக்கூடத்துக்கு வந்த மாவோரிக் குழந்தைகளில் நூற்றுக்கு 90 பேர் தாய்ப் பாஷை பேசினார்கள். 1953-இல் அது 26 ஆயிற்று. 1975-இல் நூற்றுக்கு 5 பேர்கூட இல்லை. அறுபத்திரண்டு வருஷம் என்பது ஒரு பாட்டியின் ஆயுளுக்குள் அடங்கிவிடும். பிரம்படி வாங்கிய பெண் தாயானாள். தன் குழந்தை அடி வாங்கக் கூடாது என்று நினைத்தாள். தாலாட்டிலிருந்தே இங்கிலீஷுக்கு மாறினாள். சர்க்காரால் செய்ய முடியாத காரியத்தைத் தாயின் அன்பே செய்துவிட்டது. இதைவிடக் கொடுமை வேறென்ன வேண்டும்?

மலையிலும் இப்படியே ஒரு சரிவு. வடதீவின் கிழக்குக் கரையில் வையாப்பூ என்று ஒரு நதி உண்டு. அபிரானா ங்காட்டாவின் குலத்தார்க்கு உரிய நதி அது. அதன் மலைகளில் காட்டை அழித்துப் புல் வளர்த்ததன் பலனாக, இன்று வருஷந்தோறும் சுமார் 3½ கோடி டன் மண்ணை அந்த நதி கடலில் கொண்டு போய்க் கொட்டுகிறது. சிறிய நதி, ஆனால் மண் சுமப்பதில் உலகத்தின் முன்னணி நதிகளில் ஒன்று. 1988-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் 'போலா' என்ற புயல் வந்தபோது குன்றுகள் குன்றுகளாகச் சரிந்து விழுந்தன. மண்ணைப் பிடித்து வைக்கப் பைன் மரங்களை ஆயிரக்கணக்கான ஏக்கரில் நட்டார்கள். அவை வளர்ந்ததும் வியாபாரத்துக்காக வெட்டி, கழிவுக் கட்டைகளைச் சரிவிலேயே விட்டார்கள். 2023-ஆம் வருஷம் பிப்ரவரியில் 'கேப்ரியேல்' புயல் அந்தக் கட்டைகளை உருட்டிக் கொண்டு வந்து பாலங்களில் மோதிற்று. வேரில்லாத மண் எப்படி நிற்கும்? வேரில்லாத பிள்ளைதான் எப்படி நிற்பான்?

பாட்டிமார் கட்டிய கூடு

இனி நல்ல செய்தி.

1972-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம், மாவோரி இளைஞர் கூட்டம் ஒன்று வெல்லிங்டன் பார்லிமெண்டின் படிகளில் ஏறிற்று. பள்ளிக்கூடத்தில் எங்கள் பாஷையைக் கற்றுக் கொடுங்கள் என்று 30,000-க்கு மேற்பட்டவர்கள் கையெழுத்திட்ட விண்ணப்பத்தைக் கொடுத்தது. அந்த இளைஞர்களில் பலருக்கே அந்தப் பாஷை சரியாகத் தெரியாது; பறிகொடுத்தவர்களின் விண்ணப்பம் அது. மூன்று வருஷம் கழித்து, 1975-இல், ஃபீனா கூப்பர் என்ற 79 வயது மூதாட்டி, இனி ஓர் ஏக்கர் நிலம்கூடப் போகக் கூடாது என்று சொல்லி வடகோடியிலிருந்து தலைநகருக்குப் பாதயாத்திரை தொடங்கினார். தூரம் சுமார் 1,000 கிலோமீட்டர்.

ஆனால் விண்ணப்பத்தாலும் யாத்திரையாலும் மட்டும் பாஷை பிழைக்காது. அதற்குக் குழந்தை வேண்டும். பேசுகிற கிழவியும் வேண்டும். இடையில் ஒரு தலைமுறை ஊமையாக நின்றது. 1982-ஆம் வருஷத்தில் வெல்லிங்டனுக்கு அருகே வைனுயிஓமாட்டா என்னும் ஊரில் முதலாவது 'கோஹங்கா ரேயோ' திறக்கப்பட்டது. 'கோஹங்கா' என்றால் கூடு; 'ரேயோ' என்றால் பாஷை. பாஷைக் கூடு! பள்ளிக்கூடத்துக்குப் போகும் வயது வராத குழந்தைகளை அங்கே விடுவார்கள். பாட்டியும் தாத்தாவும் அவர்களோடு இருப்பார்கள். விளையாட்டு, சாப்பாடு, தூக்கம், பாட்டு எல்லாம் மாவோரி பாஷையில். இலக்கணமில்லை, பரீட்சையில்லை. பிரம்படி வாங்கியவளும், தன் பிள்ளைக்குத் தரத் துணியாததைப் பேரனுக்குத் தந்தவளும் அந்தப் பாட்டிதான். 1994-ஆம் வருஷத்தில் அத்தகைய கூடுகள் சுமார் 800 இருந்தன. குழந்தைகள் சுமார் 14,000.

ஏறக்குறைய அதே சமயத்தில், நியூஜிலாந்துக்குக் கிழக்கே சாத்தம் தீவுகளில் வேறொரு கூட்டைப் பற்றிக் கவலைப்பட்டுக் கொண்டிருந்தார்கள். அங்கே கறுப்பு ராபின் என்ற சின்னஞ்சிறு பறவை இனத்தில் 1980-ஆம் வருஷம் உலகம் முழுவதற்கும் மிஞ்சியவை ஐந்தே ஐந்து. அவற்றிலும் குஞ்சு பொரித்து வளர்த்த பெட்டை ஒன்றே. வயது சென்ற அந்தப் பறவையின் காலில் நீல வளையம் இருந்ததால் 'கிழ நீலி' என்று பொருள்படும் பெயரால் அழைத்தார்கள். டான் மெர்ட்டன் என்பவரும் அவருடைய சகாக்களும் அதன் முட்டைகளை எடுத்து வேறு ஜாதிக் குருவிகளின் கூட்டில் வைத்தார்கள். முட்டையை இழந்த கிழ நீலி மறுபடியும் முட்டையிட்டது. இன்று 200-க்கு மேற்பட்ட கறுப்பு ராபின்கள் இருக்கின்றன. அத்தனையும் அந்த ஒரு கிழவியின் சந்ததி!

பறவையைக் காப்பாற்றியதும் பாஷையைக் காப்பாற்றியதும் ஒரே உபாயம்தான். மிஞ்சியிருப்பவை கிழமாகிவிட்டன என்று கைவிடக் கூடாது. குஞ்சை உடனே கூட்டில் வைக்க வேண்டும்.

நதிக்கு ஒரு நியாயம்

கூட்டிலிருந்து வெளிவந்த குழந்தைகளுக்கு அடுத்தபடியாகப் பள்ளிக்கூடம் வேண்டுமல்லவா? 1985-இல் மாவோரி பாஷையிலேயே எல்லாப் பாடமும் கற்பிக்கும் பள்ளிக்கூடம் தோன்றிற்று. 1987-இல் மாவோரி ராஜாங்க பாஷை ஆயிற்று. 1996-இல் சிறு குழந்தைகளின் கல்விக்காகத் தேசம் முழுவதற்கும் ஒரு பாடத்திட்டம் வெளிவந்தது. அதற்கு 'தே ஃபாரிக்கி' என்று மாவோரியில் பெயர் வைத்தார்கள். 'பின்னிய பாய்' என்று பொருள். வெள்ளைக் குழந்தையும் மாவோரிக் குழந்தையும் ஒரே பாயில் உட்காரலாம் என்பது கருத்து.

பாஷை திரும்பி வரவே, பாஷைக்குள் இருந்த நிலமும் நதியும் கூடவே திரும்பி வந்தன. வாங்கனுயி என்ற நதி 290 கிலோமீட்டர் நீளமுள்ளது. அதன் கரையில் வாழ்ந்த குலத்தார் நதியைத் தங்கள் மூதாதையாகவே கருதினார்கள்; நானே நதி, நதியே நான் என்பது அவர்களுடைய வழக்கு மொழி. நீராவிப் படகு போவதற்காக அவர்களுடைய விலாங்கு அணைகளை உடைத்தார்கள். கரைகளிலிருந்து சரளைக்கல்லை அள்ளினார்கள். பிற்காலத்தில் மின்சாரத்துக்காகத் தலையூற்று நீரையே திருப்பினார்கள். 1870-களிலிருந்து அந்தக் குலத்தார் விண்ணப்பமும் வழக்குமாக அலைந்தார்கள். நதி எங்கள் மூதாதை என்று கோர்ட்டில் சொன்னால், படுகையின் சொந்தக்காரர் யார் என்று இங்கிலீஷ்ச் சட்டம் திருப்பிக் கேட்டது.

2017-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் நியூஜிலாந்துப் பார்லிமெண்டு ஒரு சட்டம் நிறைவேற்றியது. மலையிலிருந்து கடல் வரையில் அந்த நதி, உயிருள்ள ஒரு முழுமை. சட்டத்தின் முன் ஒரு நபர். நதியின் சார்பில் பேசுவதற்கு இருவர் நியமிக்கப்படுகிறார்கள். ஒருவரைச் சர்க்கார் நியமிக்கும், மற்றொருவரை நதிக்கரைக் குலங்கள் நியமிக்கும். கங்கையையும் காவேரியையும் தாயென்று கும்பிடுகிற நமக்கு இந்த எண்ணம் புதிதல்ல. அதைச் சட்டப் புஸ்தகத்தில் எழுதி வைத்ததுதான் புதிது.

எல்லாம் சுபமாக முடிந்துவிட்டது என்று நேயர்கள் நினைக்க வேண்டாம். பாஷைக் கூடுகளின் எண்ணிக்கை 1990-களின் நடுவிலிருந்து குறையத் தொடங்கிற்று. சாதாரணக் குழந்தைப் பள்ளிகளுக்கு வகுத்த விதிகளையே கூட்டுக்கும் விதித்துச் சர்க்கார் நெருக்கியதை, வைட்டாங்கி ஒப்பந்த நியாயசபை 2012-இல் கண்டித்துக் கூறியது. மரநாய்களை 2050-க்குள் தேசத்திலிருந்து ஒழிப்பதென்று 2016-இல் சங்கல்பம் செய்து கொண்டார்கள்; அது லேசான காரியமல்ல. ஹூயா திரும்பி வரவே வராது. ஆனாலும் 2023-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி மாவோரி பேசுவோர் 2 லட்சத்து 13 ஆயிரத்துக்கு மேல். ஐந்து வருஷங்களுக்கு முன் இருந்ததைவிட இது அதிகம்.

முதலில் சொன்ன மணிக்குத் திரும்புவோம். மணிக்கு நாக்கு உண்டு என்று நாம் சொல்வது வழக்கம். நாக்கும் விளிம்பும் போன மணி, கிழங்கு வேக வைக்கும் சட்டியாயிற்று. அதுவும் உபயோகமான பொருள்தான். ஆனால் அதன் நாதம் போனது போனதுதான். மணிக்கு இல்லாத பாக்கியம் குழந்தைக்கு உண்டு. இழந்த நாக்கை அதற்குத் திரும்பக் கொடுக்கலாம். நாக்கை அறிந்த பாட்டி ஒருத்தி உயிரோடிருக்கும் வரையில்.

இன்று மாலை உங்கள் வீட்டுக் குழந்தையைத் தெருவுக்கு அழைத்துச் செல்லுங்கள். எதிரே நிற்கும் மரத்தின் பெயரையும், அதில் உட்கார்ந்திருக்கும் பறவையின் பெயரையும் கேட்டுப் பாருங்கள். குழந்தைக்குத் தெரியாவிட்டால் குற்றமில்லை. வீட்டில் பாட்டி இருக்கிறாளா என்று பாருங்கள்.